கணினியின் பெயர் எங்கே இருக்கிறது? ஹோஸ்ட்நேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். "பேரை மாத்திட்டேன், ஆனா மாறல" என்று மாதம் ஒருவராவது வந்து நிற்பார். அப்படி வந்தவர்கள் கேட்டவற்றையும், நானே தடுக்கி விழுந்து கற்றவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ் பற்றித்தான் பேச்சு. விண்டோஸும் மேக்கும் நடுவில் வந்து போகும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

ஹோஸ்ட்நேம் என்பது என்ன?

கணினி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பெயர். டெர்மினலைத் திறந்தால் பயனர் பெயருக்குப் பக்கத்தில், அட் குறிக்குப் பின்னால் நிற்கிறதே, அதுதான். லாக் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் தேதிக்கு அடுத்து வருவதும் அதுதான். "தன்னைப் பற்றித் தானே" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கணினிகள் இதை எப்படிக் கூப்பிடுகின்றன என்பது வேறு கதை, கீழே வருகிறது.

அந்தப் பெயர் உண்மையில் எங்கே சேமிக்கப்படுகிறது?

கேட்டால் எல்லோரும் /இடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பைக் காட்டுவார்கள். பாதிதான் சரி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பெயர் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவின், நினைவகத்தில் இருக்கிறது. கோப்பில் இருப்பது, அடுத்த முறை எழுந்திருக்கும்போது கெர்னலுக்குச் சொல்ல வேண்டிய பெயரின் குறிப்பு.

கெர்னலுக்குள் இதற்கென்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. அதில் ஆறு கட்டங்கள்: இயங்குதளத்தின் பெயர், கணினியின் பெயர், கெர்னல் வெளியீட்டு எண், பதிப்பு விவரம், வன்பொருள் வகை, பழைய என்ஐஎஸ் அமைப்புக்கான டொமைன் பெயர். ஒவ்வொரு கட்டமும் 65 பைட். கடைசி பைட் முடிவுக்குறிக்குப் போய்விடுவதால் பெயருக்கு 64 எழுத்து. யூநேம் கட்டளையோடு சிறுகோடு-என் சேர்த்துத் தட்டினால் இரண்டாவது கட்டத்தில் உள்ளது அப்படியே திரையில் வரும். சிறுகோடு-ஏ சேர்த்தால் என்ஐஎஸ் டொமைனைத் தவிர மற்றதெல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்.

கோப்பாகவே பார்க்க ஆசையென்றால் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/ஹோஸ்ட்நேம் என்பதைக் கேட் கட்டளையால் படித்துப் பாருங்கள். கோப்பு மாதிரி தெரியும், ஆனால் வட்டில் அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் படிக்கும் கணத்தில் கெர்னல் தன் நினைவிலிருந்து எடுத்து நீட்டுகிறது. ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகப் பயனராக) இருந்துகொண்டு அதில் எழுதினால் பெயர் அந்தக் கணமே மாறும்.

64 என்பதும் ஒரு காலத்தில் பெரிய வசதி. லினக்ஸ் கெர்னலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிகப் பழைய வடிவத்தில் ஒரு கட்டத்துக்கு 9 பைட்தான். பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கும் முன்னால், 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கணினியின் பெயர் ஒரு சி ஹெட்டர் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. பெயரை மாற்ற வேண்டுமானால் அதைப் பயன்படுத்தும் நிரல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஓடும்போதே பெயரை மாற்றும் செட்ஹோஸ்ட்நேம் என்ற சிஸ்டம் கால் 1983-இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. இன்றைக்கும் அதே பெயரில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஹோஸ்ட்நேம் என்று தட்டி, பக்கத்தில் புதுப் பெயரும் கொடுத்தேன். மாறியது. ரீபூட் செய்தால் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டதே?

மேலே சொன்னதுதான் காரணம். அந்தக் கட்டளை கெர்னலில் மட்டும் பெயரை மாற்றுகிறது. கோப்பைத் தொடுவதே இல்லை. மின்சாரம் போனால் நினைவகமும் காலி. எழுந்தவுடன் கோப்பில் எழுதியிருந்த பழைய பெயரை எடுத்துக் கெர்னலில் வைத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். சிலர் கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு, "மாறவே இல்லையே" என்று டெர்மினலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரீபூட் வரை மாறாது.

அப்போது சரியாக மாற்றுவது எப்படி?

சிஸ்டம்டி (கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் மென்பொருள்) இருக்கும் எந்த லினக்ஸிலும், அதாவது இன்றைய உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ரெட் ஹேட், ஆர்ச், ஓப்பன்சூசே எல்லாவற்றிலும், ஒரே வழி. ஹோஸ்ட்நேம் என்ற சொல்லோடு சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளை ஒட்டினால் வருவது ஹோஸ்ட்நேம்சிடிஎல். அதைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு செட்-ஹோஸ்ட்நேம், அப்புறம் புதுப் பெயர். புதிய பதிப்புகளில் செட் என்பதை விட்டுவிட்டு ஹோஸ்ட்நேம் என்று மட்டும் தட்டினாலும் போதும். கெர்னலிலும் கோப்பிலும் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

ஒன்றை மட்டும் அது செய்யாது: /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடாது. அதனால் வரும் வம்பு சீக்கிரமே வரும்.

முன்பு இந்த ஒற்றுமை கிடையாது. டெபியனில் ஒரு கோப்பு, ரெட் ஹேட்டில் /இடிசி/சிஸ்கான்ஃபிக்/நெட்வொர்க் என்ற கோப்புக்குள் ஒரு வரி, சோலாரிஸில் /இடிசி/நோட்நேம். ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு வரிதான், ஓப்பன்பிஎஸ்டியில் /இடிசி/மைநேம். மைநேம்! இந்தக் கூட்டத்திலேயே எனக்குப் பிடித்த கோப்புப் பெயர் அதுதான்.

ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்று சும்மா தட்டினால் ஸ்டாட்டிக், ட்ரான்ஷியன்ட், ப்ரிட்டி என்று மூன்று பெயர் காட்டுகிறதே?

ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் இல்லையா, அது மாதிரி.

ஸ்டாட்டிக் என்பது சர்டிபிகேட் பெயர்: /இடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பில் நீங்கள் எழுதி வைத்தது. ட்ரான்ஷியன்ட் என்பது கெர்னலில் இப்போது இருக்கும் பெயர். பெரும்பாலும் இரண்டும் ஒன்றேதான். ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தனியாகக் காட்டாது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் பிரியும் என்று மேலே பார்த்தோம். கோப்பு காலியாக இருந்தாலோ, அதில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தாலோ தானாகவும் பிரியும். அப்போது நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஒரு பெயர் கொடுத்தால் கணினி அதை ஏற்றுக்கொள்ளும். யாருமே கொடுக்காவிட்டால் விநியோகத்தில் முன்பே பொதிந்த பெயர் வரும். ஃபெடோராவில் புதிதாக நிறுவிய கணினி தன்னை ஃபெடோரா என்றே அழைத்துக்கொள்வது இதனால்தான்.

ப்ரிட்டி என்பது மனிதர்கள் படிக்க. இடைவெளி, மேற்கோள்குறி என எதுவும் இருக்கலாம். /இடிசி/மெஷின்-இன்ஃபோ என்ற தனிக் கோப்பில் இருக்கும். ப்ளூடூத் பட்டியலில் வருவது போன்ற இடங்களுக்கு உதவும்.

பெயரை மாற்றிய பிறகு சுடோ (ஒரு கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டுவது) தட்டினால் "அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்" என்று திட்டுகிறது. சிஸ்டம் கெட்டுவிட்டதா?

இல்லை, பதற வேண்டாம். புதுப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சுடோ தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேலையையும் செய்துவிடும். சில சமயம், பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவையின் பதிலுக்காகக் காத்திருந்து பல விநாடிகள் இழுக்கும்.

/இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். டெபியன், உபுண்டு என்றால் மேலே இப்படி இரண்டு வரி இருக்கும்:

127.0.0.1   லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1   பழைய-பெயர்

இரண்டாவது வரியில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதுங்கள். முதல் வரியைத் தொடாதீர்கள். ஊரிலுள்ள பாதி மென்பொருள் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை நம்பித்தான் ஓடுகிறது.

பெயரை மாற்றிக்கொண்டு கெஜட்டில் அறிவிப்பு வெளியிட்டாலும், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஆதார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைகிறோமே, அதேதான் இங்கேயும். ஃபெடோரா வகைகளில் இந்த அலைச்சல் குறைவு. அங்கே பெயர் தேடும் வரிசையில் மைஹோஸ்ட்நேம் என்ற சிறு தொகுதி இருக்கிறது. இந்தக் கணினியின் பெயரை யார் கேட்டாலும் கோப்பைப் பார்க்காமலே அது பதில் சொல்லிவிடும்.

அது என்ன 127.0.1.1? 127.0.0.1 தெரியும், இது புதிதாக இருக்கிறதே?

127 என்று தொடங்கும் எல்லா முகவரியும் அதே கணினியைத்தான் குறிக்கும். கணினிக்கு நிலையான ஐபி இல்லாதபோது அதன் பெயரை எதனுடனாவது இணைத்தாக வேண்டும், 127.0.0.1-ஓடு இணைத்தால் லோக்கல்ஹோஸ்டும் கணினியின் பெயரும் ஒன்றோடொன்று குழம்பும். அதற்காக டெபியன் செய்துகொண்ட ஏற்பாடு இது. நிலையான ஐபி உள்ள சர்வர் என்றால் 127.0.1.1-ஐ எடுத்துவிட்டு அந்த ஐபியையே எழுதுவது நல்லது.

இதே வரிதான் முழுப்பெயரையும் தீர்மானிக்கிறது. ஹோஸ்ட்நேம் கட்டளையோடு சிறுகோடு-எஃப் சேர்த்தால் டொமைனும் சேர்ந்த முழுப்பெயர் வரும். அந்த முழுப்பெயர் எங்கேயும் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. குறும்பெயரை எடுத்துத் தேடி, கிடைத்த வரியில் ஐபிக்கு அடுத்து முதலில் எது நிற்கிறதோ அதுதான் முழுப்பெயர் என்று சொல்லிவிடுகிறது. ஆகவே முழுப்பெயரை முதலிலும் குறும்பெயரை இரண்டாவதாகவும் எழுதுங்கள். மாற்றி எழுதிவிட்டு, மெயில் சர்வர் ஏன் அரைகுறைப் பெயரோடு வணக்கம் சொல்கிறது என்று அரை நாள் தேடியவர்கள் உண்டு. நானும் தேடியிருக்கிறேன்.

பெயரை மாற்றினால் கணினியை ரீபூட் செய்யத்தான் வேண்டுமா?

லினக்ஸில் கட்டாயமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் பல, தொடங்கும்போது ஒரு முறை பெயரைக் கேட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். திறந்திருக்கும் டெர்மினலே அதற்குச் சாட்சி: பேஷ் ஷெல்லில் பழைய பெயர்தான் தெரியும், புதிதாக ஒன்றைத் திறந்தால் புதியது. எக்ஸ் (லினக்ஸின் பழைய சன்னல் அமைப்பு) வகை டெஸ்க்டாப்பில் உட்கார்ந்துகொண்டு பெயரை மாற்றினால் சில சமயம் புதுச் சன்னல்கள் திறக்க மறுக்கும்; எக்ஸ் அத்தாரிட்டி கோப்பில் அனுமதிச்சீட்டு பழைய பெயரில் இருப்பதுதான் காரணம். லாக் அவுட் செய்து வந்தால் சரியாகிவிடும். சர்வர் என்றால், முடிந்தால் ரீபூட்டே செய்துவிடுங்கள். இன்று செய்யாவிட்டால் மூன்று மாதம் கழித்து வேறு காரணத்துக்காக ரீபூட் செய்யும்போது ஏதாவது உடையும், அப்போது பெயர் மாற்றியது யாருக்கும் நினைவிருக்காது.

பெயரை மாற்றினால் வேறு என்னென்ன உடையும்?

ஒரு சனிக்கிழமை மாலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சர்வர்2 என்று இருந்த ஒரு கணினிக்கு நெய்தல் என்று பெயர் வைத்தேன். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தினேன், ரீபூட் செய்தேன். எல்லாம் பச்சை. அதில் ராபிட்எம்க்யூ என்ற செய்தி வரிசை மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வரிசைகூட இல்லை. பயனர்கள் இல்லை. அன்றைக்கு நிறுவிய மாதிரி துடைத்து வைத்திருந்தது. காலையிலிருந்து சேர்ந்த செய்திகள் பல ஆயிரம் அதில் இருந்தன.

கை நடுங்கத் தரவுக் கோப்புறைக்குள் போய் எல்எஸ் தட்டினேன். இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றின் பெயர் ராபிட் அட் சர்வர்2, இன்னொன்று ராபிட் அட் நெய்தல். அந்த மென்பொருள் தன் முனையின் பெயரை ஹோஸ்ட்நேமிலிருந்து உருவாக்கி, தரவையும் அந்தப் பெயருள்ள கோப்புறையில்தான் வைக்கும். புதுப் பெயரோடு எழுந்ததும் "என் கோப்புறை இல்லையே" என்று புதிதாக ஒன்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. பழையது அலுங்காமல் அப்படியே இருந்தது. பெயரைத் திரும்ப சர்வர்2 ஆக்கி ஓட்டினேன், எல்லாச் செய்தியும் வந்தது. தப்பு என்னுடையது, ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், மாற்றுவதற்கு முன்னால் நான்தான் படிக்கவில்லை. முனையின் பெயரை அமைப்புக் கோப்பில் தனியாக எழுதி வைத்துவிட்டால், ஹோஸ்ட்நேம் மாறினாலும் இந்தச் சிக்கல் வராது.

இதே குணம் வேறு சிலவற்றுக்கும் உண்டு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் நகல் சர்வரில், நீங்கள் தனியாகப் பெயர் சொல்லாவிட்டால், ரிலே லாக் கோப்புகளின் பெயர் ஹோஸ்ட்நேமில்தான் தொடங்கும். பெயர் மாறினால் பழைய கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் நகலெடுப்பு நின்றுவிடும். விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவும் தன் நெட்பயாஸ் பெயரை (விண்டோஸ் நெட்வொர்க்கின் பழைய பெயர் முறை) இங்கிருந்துதான் எடுக்கிறது, ஆகவே விண்டோஸ் கணினிகளில் இருக்கும் பகிர்வுக் குறுக்குவழிகள் செத்துப்போகும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளுக்கு ஒன்றும் ஆகாது. சாவியின் வால்பக்கம் பழைய ஹோஸ்ட்நேம் எழுதியிருக்கும், அது வெறும் குறிப்பு.

நான் இப்போது செய்வது இதுதான்: மாற்றுவதற்கு முன் /இடிசி, /வார்/லிப் இரண்டிலும் பழைய பெயரைக் க்ரெப் கட்டளையால் தேடிப் பார்த்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை.

பெயர் மாறிவிட்டது. ஆனால் பக்கத்துக் கணினியிலிருந்து புதுப் பெயரில் பிங் போகவில்லையே?

நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "இனிமேல் என் பெயர் இது" என்று முடிவு செய்தால் தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கணினி உங்கள் கெர்னலைக் கேட்பதில்லை. அது தன்னுடைய ஹோஸ்ட்ஸ் கோப்பையும், அப்புறம் டிஎன்எஸ் சர்வரையும் கேட்கிறது.

இந்தப் பிரிவினை, இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலத்திலிருந்தே இருக்கிறது. அன்றைக்கு வலையிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் பிரதியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை முன்வைத்தார். நம் /இடிசி/ஹோஸ்ட்ஸ் அந்தப் பழைய பட்டியலின் மிச்சம்.

வீட்டு நெட்வொர்க்கில் இரண்டு வழிகளில் புதுப் பெயர் பரவும். ஒன்று டிஹெச்சிபி: ஐபி கேட்கும்போதே கணினி தன் பெயரையும் சொல்லும், நல்ல ரௌட்டராக இருந்தால் அதைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பெயர் மாற்றியதும் வைஃபையை ஒரு முறை துண்டித்து இணைத்தால் போதும். இன்னொன்று டாட் லோக்கல் முறை. லினக்ஸில் அவாஹி, ஆப்பிளில் பொன்ஜோர். இதில் சர்வரே கிடையாது, "நெய்தல் யாருப்பா?" என்று அறை முழுக்கக் கூவினால், அந்தப் பெயருள்ள கணினி "நான்தான்" என்று கையைத் தூக்கும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பின்னால் வந்தது தன் பெயரோடு 2 சேர்த்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை பலகைகள் எல்லாம் ராஸ்பெர்ரிபை என்ற ஒரே பெயரோடு வருவதால், இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள்.

பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம்? எவ்வளவு நீளம்?

ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு. முதலிலும் கடைசியிலும் சிறுகோடு கூடாது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் டிஎன்எஸ்ஸுக்கு ஒன்றுதான், ஆனால் லினக்ஸில் சில நிரல்கள் வேறுபடுத்திப் பார்க்கும், சிற்றெழுத்திலேயே வையுங்கள். அடிக்கோடு கூடாது. கெர்னல் தடுக்காது என்பதால் பலர் அடிக்கோடு வைத்துவிடுகிறார்கள், அப்புறம் எங்கோ ஒரு நிரல் அந்த முகவரியை ஏற்க மாட்டேன் என்கிறது.

ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் நடைமுறைகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட ஆவணங்கள். 1985-இல் வந்த ஆர்எஃப்சி 952 பெயருக்கு 24 எழுத்து என்று எல்லை வைத்தது. முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. 1989-இல் ஆர்எஃப்சி 1123 இரண்டையும் தளர்த்தியது. இன்றைக்குப் புள்ளிகளுக்கு இடையிலான ஒரு பகுதிக்கு 63 எழுத்து, முழுப்பெயருக்கு 253. கெர்னலின் எல்லை 64. குழப்பமாக இருந்தால் 15-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் 15 என்பது அடுத்த பதிலில்.

விண்டோஸில் எப்படி?

அமைப்புகளில் சிஸ்டம், அபௌட் என்று போனால் ரீநேம் திஸ் பிசி என்ற பொத்தான் இருக்கும். பவர்ஷெல் பழக்கமுள்ளவர்கள் ரீநேம்-கம்ப்யூட்டர் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். இங்கே ரீபூட் கட்டாயம்.

சேமிப்பது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் தொகுப்பில். கரன்ட்கன்ட்ரோல்செட்டுக்குக் கீழே கன்ட்ரோல் பிரிவில் கம்ப்யூட்டர்நேம் என்று ஒரு சாவி. அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர்நேம், பக்கத்தில் ஆக்டிவ்கம்ப்யூட்டர்நேம். முதலாவது அடுத்த ரீபூட்டில் வரப்போகும் பெயர், இரண்டாவது இப்போது ஓடும் பெயர். லினக்ஸில் கோப்பும் கெர்னலும் இருந்த மாதிரியேதான், அங்கே தனித்தனியாகக் கிடந்தது இங்கே அடுத்தடுத்த சாவிகளில் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டு ரீபூட் செய்யாமல் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் பார்த்தால் இரண்டும் வேறாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிஎன்எஸ்ஸுக்கான பெயர் இன்னோர் இடத்தில், டிசிபிஐபி சேவையின் பாராமீட்டர்ஸ் சாவியில் இருக்கிறது. இவற்றைக் கையால் திருத்தாதீர்கள்; ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் கணினி இரட்டை வேடம் போடும்.

அந்த 15: நெட்பயாஸ் பெயருக்கு 16 பைட்தான் இடம், அதில் கடைசி பைட் இது கோப்புப் பகிர்வா, வேறு சேவையா என்று சொல்ல ஒதுக்கப்பட்டது. மீதி 15. நீளமான பெயர் வைத்தால் நெட்பயாஸ் 15-ஓடு வெட்டிவிடும். அக்கவுண்ட்ஸ்-செக்‌ஷன்-1, அக்கவுண்ட்ஸ்-செக்‌ஷன்-2 என்று ஆங்கிலத்தில் இரண்டு கணினிக்குப் பெயர் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் 8 எழுத்து, சிறுகோடு 1, செக்‌ஷன் 7. எண் வருவதற்குள்ளேயே 16 ஆகிவிட்டது. இரண்டின் நெட்பயாஸ் பெயரும் ஒன்றாகி, ஒன்றோடொன்று மோதும். வெட்டப்போவதாக விண்டோஸ் எச்சரிக்கத்தான் செய்யும், யார் படிக்கிறார்கள்?

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த கணினி என்றால் உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டொமைனில் அந்தக் கணினிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் மாற்ற உரிமை உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

மேக்கில்?

அங்கே வெளிப்படையாகவே மூன்று. திரையில் தெரியும் கம்ப்யூட்டர்நேம், பொன்ஜோருக்கு லோக்கல்ஹோஸ்ட்நேம், டெர்மினலில் வரும் ஹோஸ்ட்நேம். மூன்றையும் எஸ்சியூட்டில் என்ற கட்டளையால் தனித்தனியாக வைக்கலாம். அமைப்புகளில் பெயரை மாற்றினால் முதல் இரண்டும்தான் மாறும். மூன்றாவதை வைக்காமல் விட்டிருந்தால் மேக் நெட்வொர்க்கைக் கேட்டு எதையாவது எடுத்துக்கொள்ளும். வேறு வைஃபையில் இணைந்ததும் டெர்மினலில் யாரோ ஒருவரின் பெயர் வந்து நிற்பது அதனால்தான். ஹேக் எதுவும் நடக்கவில்லை.

டாக்கர் கன்டெய்னருக்குள் போனால் அர்த்தமில்லாத 12 எழுத்து வருகிறதே?

கன்டெய்னர் என்பது அதே கணினியில் மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டப்படும் நிரல் கூட்டம், டாக்கர் அதை ஓட்டும் கருவி. நீங்கள் பார்ப்பது அந்தக் கன்டெய்னரின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்து. வேறு பெயர் வேண்டுமானால் ஓட்டும்போதே ஹோஸ்ட்நேம் விருப்பத்தில் சொல்லிவிடலாம். ஒரே கெர்னலில் ஓடும் கன்டெய்னருக்கு எப்படித் தனிப் பெயர்? நான் மேலே சொன்ன ஆறு கட்டப் பட்டியலை ஒவ்வொரு நிரல் கூட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கும் வசதி 2006-இல் வந்த லினக்ஸ் 2.6.19-இல் சேர்ந்தது. யூடிஎஸ் நேம்ஸ்பேஸ் என்று பெயர்.

டாக்கர் இல்லாமலே பார்க்கலாம். ரூட்டாக அன்ஷேர், சிறுகோடு-யு, பேஷ் என்று தட்டுங்கள். இப்போது ஹோஸ்ட்நேமைப் பாலை என்று மாற்றுங்கள். கேட்டால் பாலை என்று சொல்லும். பக்கத்து டெர்மினலில் கேட்டால் பழைய பெயர். எக்ஸிட் தட்டி வெளியே வந்தால் பாலை இருந்த சுவடே இருக்காது.

க்ளவுட் சர்வரில் ரீபூட்டுக்கு ரீபூட் பெயர் திரும்பி வருகிறது. கோப்பிலும் மாற்றிவிட்டேன்.

க்ளவுட் சர்வர் எழும்போது அதை அமைத்துக்கொடுக்கும் க்ளவுட்-இனிட் என்ற நிரலின் வேலையாக இருக்கும். /இடிசி/க்ளவுட் கோப்புறையில் உள்ள அதன் அமைப்புக் கோப்பில் ப்ரிசர்வ் ஹோஸ்ட்நேம் என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள்.

என்ன பெயர் வைக்கலாம்?

1990-இல் வந்த ஆர்எஃப்சி 1178 இதற்காகவே எழுதப்பட்டது. உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், திட்டத்தின் பெயரை வைக்காதீர்கள் என்கிறது. திட்டம் முடிந்துவிடும், கணினி இருக்கும். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பெயர் வைக்கச் சொல்கிறது.

நாங்கள் ஐந்திணையில் தொடங்கினோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஆறாவது கணினி வந்த அன்று சங்க இலக்கியம் கைவிட்டுவிட்டது. அப்புறம் ஆறுகளுக்குத் தாவினோம்: வைகை, காவிரி, பொருநை. ஒன்று மட்டும் சொல்கிறேன், ழகரம் உள்ள பெயரை வைக்காதீர்கள். யாழ் என்று ஒன்றுக்கு வைத்தோம். போனில் "யாழ்ல லாகின் பண்ணுங்க" என்றால் எதிர்முனையில் இருப்பவர் இசட் ஹெச் போட்டு ஒரு தடவை, எல் போட்டு ஒரு தடவை, ஏ ஒன்றா இரண்டா என்று இன்னொரு தடவை முயன்றுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார். நூற்றுக்கணக்கில் கணினி இருந்தால் அழகை மறந்துவிட்டு, இடமும் வேலையும் எண்ணும் சேர்ந்த பெயருக்குப் போய்விடுங்கள்.

பொது வைஃபையில் என் கணினியின் பெயர் மற்றவர்களுக்குத் தெரியுமா?

தெரியும். டிஹெச்சிபி கேட்கும்போதும், டாட் லோக்கல் முறையில் கூவும்போதும் பெயர் போகிறது. ப்ரியாவின் லேப்டாப் என்று வைத்திருந்தால் காபிக் கடையில் உட்கார்ந்த உடனே ப்ரியா வந்திருக்கிறாள் என்று நெட்வொர்க்குக்கே தெரியும். மேக் முகவரியை (ஆப்பிள் மேக் அல்ல, நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இருந்தும் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வழக்கமே தீங்கானது என்று 2017-இல் ஆர்எஃப்சி 8117 தனியாக எழுதப்பட்டது. லினக்ஸில் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரில் டிஹெச்சிபிக்குப் பெயர் அனுப்புவதை இணைப்பு வாரியாக நிறுத்த முடியும். அதைவிடச் சுலபம், மடிக்கணினிக்கு உங்கள் பெயரை வைக்காமலிருப்பது.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியுமா?

ப்ரிட்டி பெயராகத் தாராளமாக வைக்கலாம். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் இரட்டைச் சிறுகோடு-ப்ரிட்டி என்று சேர்த்து, மேற்கோள்குறிக்குள் "மாடி அறைக் கணினி" என்று கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும்.

ஸ்டாட்டிக் பெயருக்கு வேண்டாம். கெர்னலுக்கு எழுத்து பற்றிக் கவலை இல்லை, பைட் கணக்குதான். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். நெய்தல் என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ந, எகரக்கொம்பு, ய, புள்ளி, த, ல, புள்ளி என்று ஏழு குறியீடு, 21 பைட். இடம் போதும், ஆனால் டிஎன்எஸ்ஸும் மெயிலும் அதை ஏற்காது. டொமைன் பெயர்களில் தமிழ் இருக்கிறதே என்பீர்கள். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழிலேயே இருக்கின்றன, உண்மைதான். அங்கேயும் டிஎன்எஸ்ஸுக்குப் போவது ப்யூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிய வடிவம்தான், எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும். பிரவுசர் அதை நமக்காகத் தமிழாக்கிக் காட்டுகிறது. டெர்மினலில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. எங்கள் நெய்தலும் அதனால் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. கணினியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மட்டும் தமிழ்.